பயனர் சுயவிவர இடமாற்றம் (விண்டோஸ்)

பயனர் சுயவிவர இடமாற்றம் என்பது மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் இயங்குதளத்தில் ஒரு பயனர் கணக்கிற்கு உரிய கோப்புகளையும் அமைப்புகளையும் வேறொரு பயனர் கணக்கிற்கு உரியனவாக மாற்றும் செயற்பாடாகும். அலுவலக வலையமைப்பில் டொமைன் எனப்படும் ஆள்களத்தின் உறுப்பாக இருந்த கணினியை அதிலிருந்து விலக்கித் தனிக் கணினியாகப் பயன்படுத்த முற்படும்போதே இதன் தேவை பெரும்பாலும் எழுகின்றது. பணியிலிருந்து விலகுபவர் தம் மடிக்கணினியை விலைக்குப் பெற்றுக்கொள்ளுதல், சிறு நிறுவனம் தன் வழங்கியை நிறுத்திவிடுதல், ஒரு நிறுவனம் இரண்டாகப் பிரிதல் ஆகியன வழமையான சூழ்நிலைகள் ஆகும்.

இச்செயற்பாட்டில் கோப்புகள் தாமாக அழிவது அரிது. எனினும் புதிய கணக்கில் புகுபதிகை செய்பவருக்கு டெஸ்க்டாப் வெறுமையாகத் தோன்றுவதால் எல்லாம் அழிந்துவிட்டதாகவே எண்ண நேரிடும். உண்மையில் அழியக்கூடியவை கண்ணுக்குத் தெரியாதவை. மறையாக்கம் செய்யப்பட்ட கோப்புகளும் சேமிக்கப்பட்ட கடவுச்சொற்களும் அத்தகையவை. இவற்றை விலகிய பின்னர் மீட்பது பெரும்பாலும் இயலாது.

சுயவிவரத்தில் அடங்குபவை

விண்டோஸ் என்டி வழிவந்த இயங்குதளங்களில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கோப்புறை உண்டு. இது விண்டோஸ் என்டி 4.0-இல் இயங்குதளத்தின் கோப்புறைக்குள் புரொஃபைல்ஸ் என்னும் பெயரிலும், விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் டாக்குமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ் என்னும் பெயரிலும், விஸ்டாவும் அதன் பின்வந்த பதிப்புகளும் யூசர்ஸ் என்னும் பெயரிலும் கொண்ட கோப்புறைக்குள் அமைந்துள்ளது. பயனரின் ஆவணங்கள், படங்கள், டெஸ்க்டாப்பில் உள்ள குறும்படங்கள், உலாவியின் விருப்பத்தளங்கள் ஆகியன இதனுள் அடங்கும். ஆப்டேட்டா என்னும் மறைக்கப்பட்ட கோப்புறையில் மென்பொருட்கள் தத்தம் தரவுகளைச் சேமிக்கின்றன. விஸ்டாவிலிருந்து இது ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

ஆனால் சுயவிவரம் என்பது கோப்புறை மட்டுமன்று. என்டியூசர்.டாட் என்னும் மறைக்கப்பட்ட கோப்பு அதன் உயிர்நாடி எனலாம். இது ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவகத்தின் ஒரு பகுதி. பின்னணிப் படம், விசைப்பலகை அமைப்பு, அச்சுப்பொறித் தெரிவு, ஒவ்வொரு மென்பொருளிலும் பயனர் செய்துகொண்ட தெரிவுகள் ஆகியன இதில் எழுதப்பட்டிருக்கும். பயனர் புகுபதிகை செய்தவுடன் இக்கோப்பு பதிவகத்தில் ஏற்றப்படுகின்றது. விடுபதிகை செய்தவுடன் இறக்கப்படுகின்றது. இதன் துணையாக யூஸ்ஆர்கிளாஸ்.டாட் என்னும் மற்றொரு கோப்பு ஆப்டேட்டாவிற்குள் உள்ளது. பயனர் பணியிலிருக்கும்போது இவ்விரண்டும் பூட்டப்பட்டிருப்பதால் அவரே தம் சுயவிவரத்தை முழுமையாக நகலெடுக்க முடியாது. வேறொரு நிர்வாகிக் கணக்கிலிருந்தே அதனைச் செய்ய வேண்டும்.

பெயரும் அடையாள எண்ணும்

விண்டோஸ் பயனரை அவர் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு கணக்கும் உருவாக்கப்படும்போது அதற்குப் பாதுகாப்பு அடையாள எண் ஒன்று வழங்கப்படுகின்றது. சுருக்கமாக எஸ்ஐடி எனப்படும் இது எஸ்-1-5-21 எனத் தொடங்கி, அதனைத் தொடர்ந்து மூன்று பெரிய எண்களும் இறுதியில் ஒரு சிறிய எண்ணும் கொண்டிருக்கும். நடுவிலுள்ள மூன்று எண்களும் கணக்கை உருவாக்கிய ஆள்களத்தையோ கணினியையோ குறிக்கும். இறுதி எண் அதற்குள் இருக்கும் தனிப் பயனரைக் குறிக்கும். உள்ளமைந்த நிர்வாகிக் கணக்கிற்கு 500-உம், விருந்தினர் கணக்கிற்கு 501-உம் எப்போதும் உரியன. புதிதாக உருவாக்கப்படும் கணக்குகள் 1000 முதல் தொடங்குகின்றன.

ஆகவே அலுவலக ஆள்களத்தில் குமார் என்னும் பெயரில் இருந்த கணக்கும், விலகிய பின்னர் அதே கணினியில் குமார் என்னும் பெயரிலேயே உருவாக்கப்படும் கணக்கும் இயங்குதளத்தைப் பொறுத்தவரை வெவ்வேறு ஆட்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருப்பினும் குடும்ப அட்டை எண் வேறாக இருப்பதைப் போன்றது இது. பெயரையும் கடவுச்சொல்லையும் பழையபடியே வைத்துக்கொண்டால் எல்லாம் பழையபடியே கிடைக்கும் என்பது பரவலான பிழையான எண்ணமாகும். கோப்புகளின் அனுமதிப் பட்டியலிலும், என்டியூசர்.டாட் கோப்பினுள் உள்ள அனுமதிகளிலும், மறையாக்கச் சாவிகளிலும் பதிந்திருப்பது பழைய எண்ணே.

எந்த எண்ணிற்கு எந்தக் கோப்புறை உரியது என்பதைப் பதிவகத்தில் புரொஃபைல்லிஸ்ட் என்னும் பகுதி காட்டுகின்றது. அங்கு ஒவ்வோர் அடையாள எண்ணிற்கும் ஓர் உட்பிரிவும், அதனுள் புரொஃபைல்இமேஜ்பாத் என்னும் மதிப்பில் கோப்புறையின் முகவரியும் இருக்கும்.

விலகும்போது நிகழ்வது

கணினியை ஆள்களத்திலிருந்து விலக்கி ஒர்க்குரூப் எனப்படும் பணிக்குழுவிற்கு மாற்றும்போது மறுதொடக்கம் ஒன்று தேவைப்படும். அதன் பின்னர் ஆள்களக் கணக்குகள் எவற்றாலும் புகுபதிகை செய்ய இயலாது. அலுவலகத்திற்கு வெளியே மடிக்கணினியைப் பயன்படுத்துவோர் ஆள்கள வழங்கியுடன் தொடர்பின்றியும் புகுபதிகை செய்து பழகியிருப்பர். இயல்பிருப்பாக விண்டோஸ் கடைசியாகப் புகுந்த 10 பயனர்களின் சரிபார்ப்புத் தகவலைக் கணினியிலேயே வைத்திருப்பதால் இது இயலுகின்றது. விலகிய பின்னர் இவ்வசதி பயன்படாது.

பழைய கோப்புறை அழிக்கப்படுவதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கும். புதிய கணக்கில் முதன்முறை புகும்போது விண்டோஸ் வெறுமையான புதிய சுயவிவரத்தை உருவாக்குகின்றது. அப்பெயரில் ஏற்கனவே கோப்புறை இருப்பின் பெயருடன் புள்ளியும் கணினியின் பெயரும் சேர்க்கப்படும். அதுவும் இருப்பின் 000, 001 என எண்கள் சேர்க்கப்படும். யூசர்ஸ் கோப்புறையில் இவ்வாறு வால் முளைத்த பெயர்களைக் காண்பது இத்தகைய மாற்றம் நிகழ்ந்ததன் அறிகுறியாகும்.

விலகுவதற்கு முன்னர்

முதலாவதும் முதன்மையானதும் யாதெனில், அக்கணினியிலேயே உள்ள நிர்வாகிக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல்லை அறிந்திருத்தல் வேண்டும். விலகும்போது விண்டோஸ் இதனை எச்சரிக்கையாகவும் தெரிவிக்கின்றது. விஸ்டாவிலிருந்து உள்ளமைந்த நிர்வாகிக் கணக்கு இயல்பிருப்பாக முடக்கப்பட்டுள்ளது. ஆகவே புதிய நிர்வாகிக் கணக்கொன்றை உருவாக்கி, அதனால் ஒருமுறை புகுந்து பார்த்த பின்னரே விலகுவது நன்று. இதனைத் தவறவிட்டவர்கள் மறுதொடக்கத்திற்குப் பின்னர் எந்தக் கணக்காலும் உட்புக முடியாமல் நிற்க நேரிடும்.

வன்தட்டு பிட்லாக்கர் மூலம் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின் அதன் 48 இலக்க மீட்புச் சாவி அலுவலகத்தின் ஆக்டிவ் டைரக்டரியில் மட்டுமே சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். விலகுவதனால் பிட்லாக்கர் குலைவதில்லை. ஆனால் பின்னொரு நாள் தாய்ப்பலகை மாற்றப்பட்டாலோ தொடக்க அமைப்பு மாறினாலோ கணினி அச்சாவியைக் கேட்கும். அப்போது அதனைத் தரவல்லவர் பழைய அலுவலகத்தில் இருப்பாரா என்பது ஐயமே. சாவியை அச்சிட்டோ வேறோர் இடத்தில் சேமித்தோ வைத்தல் வேண்டும்.

வலையமைப்புடன் தொடர்பற்ற நிலையிலும் நிர்வாகி ஒருவர் கணினியை விலக்க முடியும். அவ்வாறு செய்யின் அலுவலகத்தின் அடைவில் அக்கணினியின் பதிவு நீங்காமல் தங்கிவிடும். இது கணினிக்குத் தீங்கு செய்யாது. அலுவலக நிர்வாகி பின்னர் நீக்கிக்கொள்ளலாம். கணினியும் அதிலுள்ள தரவுகளும் நிறுவனத்தின் உடைமையாக இருப்பின் அதன் இசைவின்றி இவற்றைச் செய்தல் ஆகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இடமாற்றும் முறைகள்

கோப்புகளை மட்டும் நகலெடுத்தல் மிக எளியது. புதிய கணக்கில் ஒருமுறை புகுந்து வெளியேறிய பின்னர், நிர்வாகிக் கணக்கிலிருந்து பழைய கோப்புறையின் ஆவணங்கள், படங்கள், டெஸ்க்டாப் ஆகியவற்றைப் புதிய கோப்புறைக்குள் இடலாம். கோப்புகளை இழுத்து நகர்த்தாமல் நகலெடுப்பதே சிறந்தது. ஒரே வட்டில் நகர்த்தப்படும் கோப்பு பழைய அனுமதிகளைத் தன்னுடன் எடுத்துச் செல்லக்கூடும். நகல் புதிய கோப்புறையின் அனுமதிகளைப் பெறுகின்றது. இம்முறையில் அமைப்புகள் வருவதில்லை. சில மென்பொருட்களைத் திரும்ப அமைத்துக்கொள்ளப் பொறுமை உள்ளவர்க்கு இதுவே பழுதற்ற வழியாகும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் கணினிப் பண்புகளின் பயனர் சுயவிவரச் சாளரத்தில் நகலெடுக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. எந்தச் சுயவிவரத்தையும் வேறொரு பயனருக்கு உரியதாக இதன்மூலம் நகலெடுக்க முடிந்தது. பதிவகக் கோப்பின் அனுமதிகளையும் இது சேர்த்தே மாற்றியது. விண்டோஸ் 7 முதல் இப்பொத்தான் இயல்பிருப்புச் சுயவிவரத்திற்கு மட்டுமே இயங்குகின்றது. ஏனையவற்றிற்கு மங்கலாகக் காட்டப்படுகின்றது. எக்ஸ்பி காலத்தில் மூவ்யூசர் என்னும் கட்டளைக் கருவியும் மைக்ரோசாஃப்டின் ரிசோர்ஸ் கிட் தொகுப்பில் கிடைத்தது. இது எதையும் நகலெடுக்காமல், இருக்கும் சுயவிவரத்தையே ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றிற்கு உரிமை மாற்றியது. விஸ்டாவிலிருந்து அதன் இடத்தை வின்32_யூசர்புரொஃபைல் என்னும் மேலாண்மை இடைமுகத்தின் உரிமை மாற்றும் செயற்பாடு பிடித்தது.

பதிவகத்தைக் கையால் திருத்தும் முறை இன்றும் பரவலாகக் கையாளப்படுகின்றது. புதிய கணக்கை உருவாக்கி ஒருமுறை புகுந்து வெளியேற வேண்டும். இதனால் புரொஃபைல்லிஸ்ட் பகுதியில் அதன் எண்ணிற்கு ஓர் உட்பிரிவு உண்டாகும். பின்னர் மூன்றாவதான ஒரு நிர்வாகிக் கணக்கில் புகுந்து, அவ்வுட்பிரிவிலுள்ள முகவரியைப் பழைய கோப்புறையின் முகவரியாக மாற்றலாம். பழைய கோப்புறைக்கும் அதனுள் உள்ளவற்றிற்கும் புதிய பயனருக்கு முழு உரிமை வழங்க வேண்டும். பலர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். அங்குதான் சிக்கல் தொடங்குகின்றது. என்டியூசர்.டாட் கோப்பைத் திறக்கப் புதிய பயனருக்கு இப்போது உரிமை உண்டு. ஆனால் அதனுள் இருக்கும் ஒவ்வொரு பதிவிற்கும் தனித்தனி அனுமதிகள் உள்ளன, அவை பழைய எண்ணையே குறிக்கின்றன. எனவே பதிவகத் திருத்தியில் எச்கீ_யூசர்ஸ் என்னும் பகுதியைத் தெரிவுசெய்து, அதன் கீழ் அக்கோப்பை ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றி, உட்பிரிவுகள் அனைத்திற்கும் புதிய பயனருக்கு முழு உரிமை வழங்கி, மீண்டும் இறக்க வேண்டும். யூஸ்ஆர்கிளாஸ்.டாட் கோப்பிற்கும் இவ்வாறே செய்தல் வேண்டும். இறக்க மறந்தால் கோப்பு பூட்டப்பட்ட நிலையிலேயே இருக்கும். அந்நிலையில் புகும் பயனருக்கு விண்டோஸ் தற்காலிகச் சுயவிவரம் ஒன்றைத் தருகின்றது. அதில் செய்யும் மாற்றங்களும் சேமிக்கும் ஆவணங்களும் விடுபதிகையின்போது நீக்கப்படும். இதனை அறியாமல் ஒரு நாள் முழுதும் உழைத்து அவ்வுழைப்பை இழக்கவும் நேரிடலாம்.

இம்முறையில் மற்றொரு கண்ணியும் உண்டு. பழைய எண்ணின் உட்பிரிவு புரொஃபைல்லிஸ்ட் பகுதியில் அப்படியே இருக்கும். அதுவும் அதே கோப்புறையையே காட்டும். பயனர் சுயவிவரச் சாளரத்தில் இது அறியப்படாத கணக்கு என்று தோன்றும். பல மாதங்களுக்குப் பின்னர் இடத்தை மீட்கும் பொருட்டு ஒருவர் அதனை நீக்கினால், நீக்கப்படுவது இப்போது பயன்பாட்டில் உள்ள கோப்புறையே. ஆதலால் பழைய உட்பிரிவின் காப்புநகலை எடுத்துக்கொண்டு, அதனைப் பதிவகத்திலிருந்து அகற்றிவிடுவது இன்றியமையாதது.

விண்டோஸ் 8-இலிருந்து இம்முறை முன்புபோல் முழுமையாகப் பயன் தருவதில்லை. எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்னும் பயனரின் தெரிவு, அவரின் அடையாள எண்ணையும் சேர்த்துக் கணிக்கப்பட்ட ஒரு சரிபார்ப்பு மதிப்புடன் சேமிக்கப்படுகின்றது. எண் மாறியதும் அம்மதிப்பு பொருந்தாமல் போவதால் தெரிவுகள் இயல்பிருப்பிற்குத் திரும்புகின்றன. விண்டோஸ் ஸ்டோர் வழியாக நிறுவப்பட்ட செயலிகளும் பயனர் எண்ணின்படியே பதியப்படுவதால் அவற்றை மீண்டும் நிறுவ வேண்டியிருக்கலாம்.

பெருமளவு கணினிகளைக் கையாள்வோருக்கென மைக்ரோசாஃப்ட் வழங்கும் கருவி யூசர் ஸ்டேட் மைக்ரேஷன் டூல் ஆகும். இதன் ஸ்கேன்ஸ்டேட் கட்டளை அமைப்புகளையும் கோப்புகளையும் ஒரு சேமிப்பகத்தில் திரட்டுகின்றது. லோட்ஸ்டேட் கட்டளை அவற்றைப் புதிய கணக்கில் இடுகின்றது. இடும்போது ஆள்களப் பெயரைக் கணினியின் உள்ளகப் பெயராக மாற்றவும் தெரிவு உண்டு. இடையே வன்தட்டை முற்றிலும் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக்கொள்ள முடிவது இதன் தனிச்சிறப்பு. இல்லப் பயனர்களுக்காக எக்ஸ்பியில் கோப்பு, அமைப்பு இடமாற்ற வழிகாட்டியும், விஸ்டா, விண்டோஸ் 7 ஆகியவற்றில் விண்டோஸ் ஈசி டிரான்ஸ்ஃபரும் இருந்தன. பின்னது விண்டோஸ் 10-இல் இடம்பெறவில்லை. ஃபோரன்சிட் நிறுவனத்தின் யூசர் புரொஃபைல் விசார்டு போன்ற பிறர் மென்பொருட்கள், மேலே கூறிய பதிவகத் திருத்தங்களைத் தாமே செய்து தருகின்றன.

மறையாக்கம் செய்யப்பட்ட தரவு

மேற்கூறிய முறைகளில் எதைக் கையாண்டாலும் மிகுந்த இடர் தருவது இதுவே. விண்டோஸ் 2000 முதல் டிபிஏபிஐ என்னும் தரவுப் பாதுகாப்பு இடைமுகம் இயங்குதளத்தில் உள்ளது. பயனரின் கடவுச்சொல்லையும் அடையாள எண்ணையும் கொண்டு இது ஒரு முதன்மைச் சாவியைப் பூட்டி வைக்கின்றது. அச்சாவி சுயவிவரத்தினுள் புரொடெக்ட் என்னும் கோப்புறையில், அடையாள எண்ணையே பெயராகக் கொண்ட உட்கோப்புறையில் இருக்கும். குரோம் போன்ற உலாவிகளில் சேமிக்கப்பட்ட கடவுச்சொற்கள், பயனரின் சான்றிதழ்களுக்கு உரிய தனிச்சாவிகள், விண்டோஸ் நினைவில் வைத்துள்ள வலையமைப்புக் கடவுச்சொற்கள் ஆகியன இதனை நம்பியுள்ளன. கோப்புறையை முழுமையாக நகலெடுத்தாலும் புதிய கணக்கினால் இவற்றைப் பொதுவாகத் திறக்க இயலாது. ஃபயர்பாக்ஸ் கடவுச்சொற்களைத் தன் சொந்தச் சாவியினால் காப்பதால் அதன் சுயவிவரக் கோப்புறையை நகலெடுத்தாலே அவை வந்துசேரும்.

ஆள்களத்தில் இருக்கும்வரை இம்முதன்மைச் சாவியின் ஒரு படி ஆள்களத்தின் மீட்புச் சாவியினாலும் பூட்டப்பட்டிருக்கும். கடவுச்சொல்லை மறந்தவருக்கு அலுவலக நிர்வாகி புதிய கடவுச்சொல்லைத் தரும்போது சேமித்தவை இழக்கப்படாமல் இருப்பது இதனாலேயே. தனிக் கணினியில் இக்காப்பு இல்லை. அங்கு நிர்வாகி ஒருவர் கடவுச்சொல்லை மாற்றி அமைத்தால் பூட்டியவை பூட்டியவையாகவே நின்றுவிடும்.

இஎஃப்எஸ் எனப்படும் கோப்பு மறையாக்கம் இதனினும் கடுமையானது. இம்முறையில் மறையாக்கப்பட்ட கோப்பைப் பயனரின் சான்றிதழும் தனிச்சாவியும் இன்றி நிர்வாகியாலும் திறக்க முடியாது. உரிமையைக் கைப்பற்றினாலும் அனுமதிகளை மாற்றினாலும் பயனில்லை. ஆள்களத்தில் இயல்பிருப்பாக ஆள்கள நிர்வாகி மீட்பு முகவராக அமைகின்றார். எக்ஸ்பி முதல் தனிக் கணினியில் இயல்பிருப்பாக அத்தகைய முகவர் எவரும் இல்லை. எனவே பழைய கணக்கில் புகக்கூடிய நிலையில் இருக்கும்போதே கோப்புகளின் மறையாக்கத்தை நீக்கிவிடுவதோ, சான்றிதழைத் தனிச்சாவியுடன் கடவுச்சொல்லிட்ட பிஎஃப்எக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்வதோ கட்டாயமாகும். சைஃபர் என்னும் கட்டளை, மறையாக்கப்பட்ட கோப்புகளைத் தேடிப் பட்டியலிட உதவும்.

வழங்கியில் தங்கும் கோப்புகள்

சில அலுவலகங்களில் சுயவிவரம் வழங்கியில் வைக்கப்பட்டு, புகுபதிகையின்போது கணினிக்கு நகலெடுக்கப்படும். இது உலாவும் சுயவிவரம் எனப்படும். கணினியில் உள்ள நகலை விடுபதிகையின்போது நீக்குமாறு நிர்வாகி கொள்கை வகுத்திருந்தால், விலகிய பின்னர் யூசர்ஸ் கோப்புறையில் எதுவும் எஞ்சியிருக்காது.

இதனினும் மறைவானது கோப்புறைத் திசைமாற்றம். ஆவணங்கள் கோப்புறை கணினியில் இருப்பது போலவே தோன்றும். கோப்புகள் உண்மையில் வழங்கியில் இருக்கும். தொடர்பற்ற நிலையிலும் அவற்றைத் திறக்க முடிவதால் பயனர் ஐயுறுவதில்லை. அவ்வாறு திறப்பவை விண்டோஸ் கோப்புறைக்குள் சிஎஸ்சி என்னும் பெயரில் உள்ள ஆஃப்லைன் கோப்புகளின் தேக்கத்திலிருந்து வருகின்றன. ஆவணங்கள் கோப்புறையின் பண்புகளில் இருப்பிடம் இரண்டு பின்சாய்கோடுகளுடன் தொடங்கினால் அது வழங்கியின் முகவரி. இதனை விலகும் முன்னரே கணினியின் உள் இருப்பிடத்திற்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். மாற்றாமல் சுயவிவரத்தை இடமாற்றினால், யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ் என்னும் பதிவகப் பகுதி இல்லாத வழங்கியையே தொடர்ந்து சுட்டும். ஒவ்வொரு முறையும் கணினி அதனைத் தேடித் தயங்கும்.

அவுட்லுக் அஞ்சல்களுக்கும் இதே கவனம் தேவை. பிஎஸ்டி கோப்பு தனித்து நிற்பது. அதனை எங்கு வைத்தும் திறக்கலாம். ஓஎஸ்டி கோப்போ எக்ஸ்சேஞ்ச் வழங்கியில் உள்ள அஞ்சல் பெட்டியின் நிழல் மட்டுமே. கணக்கு மூடப்பட்டதும் அதனை நேரடியாகத் திறக்க அவுட்லுக் இடந்தருவதில்லை. வேண்டிய அஞ்சல்களை முன்னரே பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

கொள்கைகளின் எச்சம்

ஆள்களத்தின் குழுக் கொள்கைகள் விலகியவுடன் முற்றாக அகலும் என்பதில்லை. கடவுச்சொல் நீளம் போன்ற பாதுகாப்பு அமைப்புகளும், குழுக் கொள்கை விருப்பங்கள் மூலம் எழுதப்பட்டவையும் தங்கிவிடக்கூடும். பழைய என்டியூசர்.டாட் கோப்பைப் புதிய கணக்கிற்கு எடுத்துச் செல்பவர், அதில் எழுதப்பட்டிருந்த தடைகளையும் சேர்த்தே எடுத்துச் செல்லக்கூடும். கட்டுப்பாட்டகம் திறக்கவில்லை, பின்னணிப் படத்தை மாற்ற முடியவில்லை என்பன போன்ற குறைகள் இவ்வாறு எழுபவை. குறிப்பிட்ட நாட்கள் பயன்படுத்தப்படாத சுயவிவரங்களை மறுதொடக்கத்தின்போது நீக்கும் கொள்கையும் விண்டோஸில் உண்டு. அது தங்கியிருப்பின், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவைத்த பழைய கோப்புறையே நீக்கப்படலாம்.

மேகக் கணக்குகள்

2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 முதல், அலுவலக வழங்கி இன்றி அசூர் ஆக்டிவ் டைரக்டரியுடன் கணினியை நேரடியாக இணைக்க முடிகின்றது. இச்சேவை 2023-இல் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி எனப் பெயர் மாற்றப்பட்டது. இதன் பயனர்களின் அடையாள எண் எஸ்-1-12-1 எனத் தொடங்குகின்றது. இங்கும் விலகினால் கணக்கு செயலற்றுப் போவதும், கோப்புறை கணினியில் எஞ்சுவதும், புதிய கணக்கிற்குப் புதிய எண் கிடைப்பதும் முன்னர் கூறியவாறே நிகழும். ஒன்டிரைவ் மூலம் ஆவணங்களும் டெஸ்க்டாப்பும் அலுவலகக் கணக்கிற்குத் திருப்பப்பட்டிருப்பின், அவற்றுள் சில கணினியில் பெயரளவில் மட்டுமே இருக்கும். அத்தகைய கோப்புகளின் அருகில் மேகக் குறி காணப்படும். கணக்கு மூடப்படும் முன்னர் அவற்றை எப்போதும் இக்கணினியில் வைத்திருக்குமாறு தெரிவுசெய்து, முழுமையாக இறங்கிய பின்னர் வேறோர் இடத்திற்கு நகலெடுத்துக்கொள்ளலாம்.